வில்லிவாக்கத்தில் கிழிந்த வலை

திருவொற்றியூர்,
12 ஜனவரி 2025

அன்புள்ள விமல் அண்ணனுக்கு,

ப்ரியா எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நைனாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, அம்மாவுக்கு உன் கவலை வழக்கம்போல. கப்பலில் சோறு ஒழுங்காகப் போடுகிறார்களா, இளைத்துவிட்டாயா? இது அம்மா கேட்கச் சொன்னது. அந்தக் கேவலமான தாடியை எடுத்தாயா என்பது நான் கேட்பது.

நவம்பர் புயலின்போது உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லையே, அப்போது எங்கே இருந்தாய்? டிவியில் புயல் சுற்றுகிற படத்தைக் காட்டும்போதெல்லாம் அம்மா அந்த வெள்ளைச் சுழலுக்குள் உன் கப்பலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நைனாவின் வலை மறுபடியும் கிழிந்துவிட்டது. கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் இருக்கும், அவர் வருஷக்கணக்காக வலை போடுகிற இடம். புயலுக்கு முன்னால் அங்கே சேறும் மணலும்தான். இப்போது அடியில் ஏதோ ஒன்று வலையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. நம் குப்பத்தில் இன்னும் சில போட்டுகளுக்கும் இதே கதி. எல்லாரும் தாமஸ் மாமாவைத்தான் சொல்கிறார்கள். போன வருஷம் அவருடைய லாஞ்சு, அவ்வளவு பெரிய விசைப்படகு, கரையோரம் வந்து மீனை வாரியதற்காக நம் ஆட்கள் காசிமேட்டில் போய்ச் சண்டை போட்டார்கள் இல்லையா? அப்போது அவர், "உங்க வலை எத்தினி நாளு தாங்குதுன்னு நானும் பாக்கறேன்" என்று கத்தினாராம். அதனால் அவர்தான் பாறாங்கல்லைக் கொண்டுவந்து கொட்டிவிட்டார் என்று பேச்சு. நைனாவும் அதை நம்புகிறார். உன்னை முதன்முதலில் ஆழ்கடலுக்குக் கூட்டிப்போன தாமஸ் மாமாவை! ஊர்க் கூட்டம் போட்டு அவருடைய லாஞ்சைப் பிடித்துக் கட்டப்போகிறார்களாம்.

எனக்கு அந்த இடத்தில் என்னதான் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மணலியில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் க்னூப்ளாட் என்று ஒன்று உண்டு. கறுப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தாகத் தட்டினால் வரைபடம் போட்டுக் கொடுக்கும். மவுஸைத் தொடவே வேண்டாம். நம் கரையின் செயற்கைக்கோள் படத்தை அதில் பின்னணியாக விரித்து, நைனாவின் ஜிபிஎஸ்ஸில் இருந்த எண்ணைக் கொடுத்து, வலை கிழிந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வை என்றேன். வைத்தது. எங்கே தெரியுமா? வில்லிவாக்கத்தில்.

நைனா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கடல்ல போட்ட வலை வில்லிவாக்கத்துல கிழிஞ்சிகீது? அங்க இன்னா மீனு கெடைக்குதுன்னு கேட்டு சொல்லு, நாளிக்கி அங்கியே போறேன்" என்றார். அவர் சிரித்து ரொம்ப நாளாகிறது என்பதால் விட்டுவிட்டேன்.

உன் கப்பல் மெயிலுக்குப் படம் அனுப்பினால் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் கட்டளைகளும் எண்களும் வெறும் எழுத்துதானே. கீழே தட்டியிருக்கிறேன். அங்கே யாரிடமாவது இந்த க்னூப்ளாட் இருந்தால் ஓட்டிப் பார். தப்பு எங்கே என்று எனக்குப் புரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

ப்ரியா


கப்பலில்,
24 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் கல் மாதிரி இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல். சோறு பரவாயில்லை, குழம்பைப் பற்றிப் பேச வேண்டாம். தாடி இருக்கிறது, இருக்கும். நைனாவை முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல், ஈர மணலில் உட்கார வேண்டாம் என்று சொல். கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்.

உன் கடிதம் வந்த அன்று எங்களுக்கு நல்ல பொழுது போனது. மூன்றாவது இன்ஜினியர் மஹீன் என்று வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? அவர் லேப்டாப்பில் அதே க்னூப்ளாட் இருக்கிறது, இன்ஜின் சூட்டை அதில்தான் வரைகிறார். நீ அனுப்பியதை ஓட்டினோம். எங்களிடம் உன் கரைப் படம் இல்லாததால் வெள்ளைத் தாளில் ஒற்றைப் புள்ளி வந்தது. ஆனால் எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா தோஸ்து, தனியா சிரிக்கறே?" என்றார் மஹீன். காட்டினேன், அவரும் சிரித்தார்.

நைனாவின் ஜிபிஎஸ் காட்டுவது 13 டிகிரி, 10.25 நிமிடம். நிமிடம் என்றால் அறுபது சேர்ந்து ஒரு டிகிரி. நீ இரண்டையும் அப்படியே ஒட்டி 13.1025 என்று போட்டுவிட்டாய். பத்தேகாலை அறுபதால் வகுத்துச் சேர்த்தால் 13.1708. அடுத்த எண்ணும் அப்படித்தான். படித்தவள் நீயே இப்படிச் செய்தால், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் என்ன செய்வது?

தாமஸ் மாமா கல் கொட்டினார் என்பதை நான் நம்பவில்லை. அவருக்கு வாய்தான் நீளம். என்னை லாஞ்சில் வைத்துக்கொண்டிருந்த காலத்தில் தினமும் என்னைக் கடலில் தள்ளிவிடுவதாகச் சொல்வார், ஒரு நாளும் தள்ளியதில்லை. எண்ணைத் திருத்தி மறுபடியும் அனுப்பு. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். நைனாவையும்.

விமல்


திருவொற்றியூர்,
6 பிப்ரவரி 2025

அண்ணா,

எல்லாரும் நலம். எனக்கு மட்டும் சளி. பனி விழுகிற காலத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்து எண் வகுத்தால் வேறென்ன வரும்?

புள்ளி கடலுக்கு வந்துவிட்டது! வில்லிவாக்கம் தப்பித்தது. இப்போது ஒரு புள்ளி போதவில்லை என்று மற்ற போட்டுக்காரர்களிடமும் போனேன். அதில்தான் தெரிந்தது நம் ஆட்களின் குணம். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டதை எல்லாம் சொல்வார்கள், ஜிபிஎஸ்ஸைக் காட்டு என்றால் மட்டும் அதைத் துண்டுக்குள் சுருட்டிக்கொள்கிறார்கள். மீன் கிடைக்கிற இடம் அவரவர் குடும்பச் சொத்து, பெண் கொடுத்த வீட்டுக்கே சொல்ல மாட்டார்களாம். கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வலை கிழிந்த இடத்தை மட்டும் சொல்வார்கள். படத்தில் யார் பெயரும் வரக் கூடாது. அதைவிட முக்கியம், ஓரத்தில் டிகிரி எண்களே வரக் கூடாது. அச்சில் எண் இல்லாத வரைபடத்தை எங்கள் கூடத்தில் போட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். இங்கே அப்படிப் போட்டால்தான் எண்ணே கிடைக்கிறது. உனக்கு மட்டும் எண்களோடு கீழே கொடுத்திருக்கிறேன். நீ நம் வீட்டு ஆள்.

இன்னொரு சந்தேகம். முதல் புள்ளிக்குப் பக்கத்தில் "முதல் கிழிசல்" என்று எழுத்து வைத்தேன். அழகாக உட்கார்ந்தது. கிட்டத்தில் பார்க்கலாம் என்று எல்லையைச் சுருக்கினேன். புள்ளிகள் எல்லாம் நகர்ந்தன, இந்த எழுத்து மட்டும் நடுத்தாளில் அடம்பிடித்துக்கொண்டு நின்றது. ஏன்?

புயலின்போது எங்கே இருந்தாய் என்று போன கடிதத்திலேயே கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை.

ப்ரியா


கப்பலில்,
15 பிப்ரவரி 2025

அன்புத் தங்கச்சிக்கு,

சளிக்கு மிளகு போட்ட ரசம் குடி. மொட்டை மாடி வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன்.

உன் எழுத்தின் அடத்துக்கு மருந்து கண்டுபிடித்தாயிற்று. மஹீனும் நானும் அந்த மென்பொருளின் உதவிப் பக்கங்களைப் புரட்டினோம். கடலின் நடுவில் வேறு வேலை இல்லை. நீ எழுத்துக்கு இடம் சொல்லும்போது graph என்று போட்டிருக்கிறாய். அப்படிப் போட்டால் தாளின் அகலத்தில் எத்தனை பங்கு, உயரத்தில் எத்தனை பங்கு என்று அர்த்தம். அது தாளில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு, கடல் எங்கே நகர்ந்தாலும் அதற்குக் கவலை இல்லை. first என்று போட்டு டிகிரியைக் கொடுத்தால் அது கடலிலேயே நட்ட கொம்பு. புள்ளிகளோடு சேர்ந்து நகரும்.

இப்போது சுவாரசியமான விஷயம். உன் புள்ளிகளை நானும் மஹீனும் வெகுநேரம் பார்த்தோம். கல்லைக் கொட்டியிருந்தால் குவியலாக இருக்க வேண்டும், வலைகளும் ஒரே இடத்தில் மாட்ட வேண்டும். உன் புள்ளிகள் ஒரு கோடு மாதிரி சாய்ந்து போகின்றன. இருநூறு, முந்நூறு மீட்டர் நீளத்துக்கு என்ன கிடக்கும்? குழாயா? அறுந்த கேபிளா? எதுவாக இருந்தாலும் லாஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டுகிற பொருள் இல்லை. இதை நைனாவிடம் சொல். கிழிந்த வலையில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்றும் பார். துரு, தார், சிப்பி, எதுவானாலும் எழுது.

எனக்கு இரவு ஷிப்டில் தூக்கமே வருவதில்லை, இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

விமல்


திருவொற்றியூர்,
25 பிப்ரவரி 2025

அண்ணா,

சளி போய்விட்டது. அம்மாவின் ரசத்துக்குப் பெருமை சேரட்டும். உனக்கு எப்படி இருக்கிறது?

நீ கேட்டதைப் பார்த்தேன். வலையின் கீழ்க்கயிற்றில் நிறையத் துரு. உள்ளங்கையில் தேய்த்தால் செங்கல் நிறத்தில் வருகிறது. ஆனால் துரு மட்டும் இல்லை. ஓரிடத்தில் வெள்ளை பெயின்ட் அப்பியிருக்கிறது, அதற்குச் சற்றுத் தள்ளி சிவப்பு. தோணி பெயின்ட் இல்லை, கெட்டியாக, பட்டையாக அடித்த பெயின்ட். அதைப் போட்டோ எடுத்து வரைபடத்தின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒட்டி, அங்கிருந்து அந்த வலை கிழிந்த புள்ளிக்கு ஒரு அம்பும் போட்டிருக்கிறேன். உன்னால் பார்க்க முடியாது என்பதுதான் வருத்தம். வெள்ளை, அப்புறம் சிவப்பு, அப்புறம் மறுபடியும் வெள்ளை. குழாய்க்கு யாராவது இப்படி அடிப்பார்களா? நைனாவிடம் கோடு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். "வரிசையா கொட்டியிருப்பான்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

மார்ச் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம். தாமஸ் மாமா கல் கொட்டவில்லை என்பதற்கு ஏதாவது காட்டினால்தான் ஆயிற்று. இல்லையென்றால் மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னாலேயே அவர் லாஞ்சைக் கட்டிவிடுவார்கள். முதல் ஆளாக நைனாதான் எழுந்து பேசப்போகிறார்.

அந்த பெயின்ட் என்ன என்று உனக்குத் தோன்றுகிறது? சீக்கிரம் எழுது.

ப்ரியா


திருவொற்றியூர்,
14 மார்ச் 2025

அண்ணா,

உடம்பு சரியில்லையா? உன்னிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. முன்பெல்லாம் பத்து நாளில் எழுதிவிடுவாய். அம்மா என்னிடம் கேட்கிறாள், நான் வேலை அதிகம் என்று பொய் சொல்கிறேன்.

நேற்று தாமஸ் மாமா வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றுகொண்டு, "சுப்புராயா, கல்லு கொட்றதுக்கு நான் இன்னா கீய்பாக்கம் பைத்தியமா? என் வலையும் அங்கதான் போவுது" என்றார். நைனா பின்னிக்கொண்டிருந்த வலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "போய்க்கினே இரு. வூட்டாண்ட வந்து பேஜார் பண்ணாதே" என்றார். அம்மா டீ போட உள்ளே போனாள், அதற்குள் மாமா போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "அண்ணன் எங்க கீறான்? நல்லா கீறானா?" என்று கேட்டார். நலம் என்று அவருக்கும் பொய் சொன்னேன்.

உன்னிடம் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்கிறேன். வெள்ளை, சிவப்பு, வெள்ளை. அது என்ன?

ஒரு வரியாவது எழுது. நலம் என்று மட்டுமாவது எழுது.

ப்ரியா


கப்பலில்,
22 மார்ச் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நான் மிகவும் நலம். நீங்கள் எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நைனாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? நீ வேலைக்கு ஒழுங்காகப் போகிறாயா? இங்கே வானிலை நன்றாக இருக்கிறது. கப்பல் நன்றாக இருக்கிறது. கேப்டன் நன்றாக இருக்கிறார். கொஞ்ச நாளாக வெளியே போகிற கடிதங்களை எல்லாம் அவரே பார்த்துத்தான் அனுப்புகிறார், அதனால்தான் தாமதம். அவருக்குத் தமிழ் தெரியாது, சந்தேகம் வந்தால் வேறு யாரையாவது படிக்கச் சொல்வார். எண் அவருக்கே நன்றாகத் தெரியும்.

உன் வரைபடத்தை அழகாக்க ஒரு வரி தருகிறேன். நீ எனக்கு அனுப்பியபோது வைத்திருந்த எல்லைகளை அப்படியே வைத்துக்கொள். ஒரு முடி அளவும் மாற்றாதே.

set arrow from graph 0.38,0.50 to graph 0.48,0.56

வெறும் அலங்காரம்தான். பொட்டு வைப்பது மாதிரி. நீ புத்திசாலி.

இந்த விஷயத்தைப் பற்றி இந்த முகவரிக்கு இனி எழுத வேண்டாம். ஏப்ரல் முதல் வாரம் டர்பன் துறைமுகம் போவோம். அங்கே என் சொந்த மெயிலைப் பார்ப்பேன்.

அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

விமல்


திருவொற்றியூர்,
31 மார்ச் 2025

அண்ணா,

இதை உன் சொந்த முகவரிக்கு எழுதுகிறேன். டர்பனில் நீ இதைத் திறக்கும்போது நல்ல உடம்போடு இருக்க வேண்டும்.

அந்த வரியைச் சேர்த்து ஓட்டினேன். உன் அம்பு கிழிசல் புள்ளிகளின் நடுவே ஓடி, எந்த வலையும் இன்னும் தொடாத ஒரு இடத்தில் போய் நின்றது. தாளின் பங்காகச் சொல்லி, கடலின் இடத்தைக் காட்டிவிட்டாய். கேப்டன் பார்த்தால் புள்ளி நாலு எட்டு, புள்ளி ஐந்து ஆறு. அதில் அவருக்கு என்ன தெரியப்போகிறது? முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. எங்களிடம் இருக்கும் புள்ளிகளை வைத்துக் கோட்டின் நடுவைக் கணக்குப் போடலாம். இரண்டு முனைகளையும் உன்னால் எப்படிச் சொல்ல முடிந்தது? அது கிடக்கிற இடம் உனக்குத் தெரிந்திருக்கிறது. அது விழும்போது நீ அங்கே இருந்திருக்கிறாய்.

எங்கள் கூடத்தில் வேலை செய்யும் ஒருவருடைய தம்பி துறைமுகத்தில் இருக்கிறார். வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்றால் என்ன என்று அவரிடம் கேட்டேன். நங்கூரச் சங்கிலியில் எத்தனை நீளம் இறங்கியிருக்கிறது என்று தெரிவதற்காக வளையங்களில் அப்படி அடிப்பார்கள் என்றார். அடிக்கிறவன் உன்னைப் போன்ற தளத்து மாலுமிதானே?

நம் வீட்டுக்கு நேரே வந்து நின்றிருக்கிறாய், எங்களுக்கு ஒரு போன் கூடப் பண்ணவில்லை. எனக்கு உன்மேல் இருக்கும் கோபத்தை எழுதினால் இந்தத் திரை போதாது.

நேற்று கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். எண் இல்லாமல்தான். கல் இல்லை, கப்பல் சங்கிலி என்றேன். "கடல்ல ஒரு அம்ப வுட்டா ஆச்சா? உனுக்கு யாரு சொன்னது?" என்றார் தலைவர். கடல் அடியில் ஒரே கலங்கல், ஆளை இறக்கிப் பார்க்கவும் வழி இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. தாமஸ் மாமா ஓரமாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நைனா எழுந்து, "எம்பொண்ணு வெளாட்டுக்கு வரஞ்சது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏப்ரல் பதிமூன்றாம் தேதி கடைசிக் கூட்டம். அதற்குள் யார் சொன்னது என்று சொல்லாவிட்டால் லாஞ்சைக் கட்டுவார்கள். மாமா இனி இந்தக் கரையில் பிழைக்க முடியாது.

உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் இருந்தால் மாமா என்ன ஆவார் என்பதும் தெரியும். நீயே சொல், நான் என்ன செய்யட்டும்?

ப்ரியா


டர்பன்,
7 ஏப்ரல் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

மாலுமிகள் சங்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. போன் பண்ணலாம்தான். நைனா எடுத்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

நீ கண்டுபிடித்தது எல்லாம் சரி. நவம்பரில் சரக்கு இறக்க இடம் கிடைக்காமல் எங்கள் கப்பல் திருவொற்றியூருக்கு நேரே நங்கூரம் போட்டு நின்றது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. ராத்திரியில் நம் குப்பத்து விளக்கு வரிசை தெரிந்தது. போனில் சிக்னலும் இருந்தது. கையில் எடுத்து எடுத்து வைத்தேன். யாரையும் கரைக்கு விடவில்லை. நான் கூப்பிட்டு இங்கேதான் நிற்கிறேன் என்று சொன்னால் நைனா என்ன செய்வார்? புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவர் போட்டைத் தள்ளிக்கொண்டு கப்பல் பக்கத்தில் வந்து நின்றிருப்பார். அந்த அலையில் நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதனால் கூப்பிடவில்லை. போனை அணைத்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

புயல் நெருங்கியதும் கப்பல்களை எல்லாம் ஆழத்துக்குப் போகச் சொன்னார்கள். எங்கள் நங்கூரம் சேற்றில் புதைந்து மேலே வரவில்லை. கேப்டன் சங்கிலியைக் கழற்றிவிடச் சொன்னார். கழற்றியது தப்பு இல்லை, உயிர் முக்கியம். ஆனால் எங்கே விட்டோம் என்று துறைமுகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும், மிதவை கட்டியிருக்க வேண்டும். அது வேறு எங்கோ ஆழ்கடலில் போனதாக அவர் கப்பல் பதிவேட்டில் எழுதிவைத்தார். யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார். முன்தளத்தில் நின்றிருந்தவன் நான். அந்த வளையங்களுக்கு வெள்ளையும் சிவப்பும் அடித்தவனும் நான்தான். நீ பெயின்ட்டைப் பற்றி எழுதிய அன்றுதான் நைனாவின் வலையைக் கிழிப்பது நாங்கள் விட்ட சங்கிலி என்று எனக்குத் தெரிந்தது. அதுவரை அது இன்னும் தள்ளிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன், அன்றிரவே மஹீன் கப்பலின் ஜிபிஎஸ் பதிவிலிருந்து அதன் இரண்டு முனைகளையும் எடுத்துத் தந்தார்.

இன்று காலை இந்தச் சங்கத்து அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. மஹீன் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். "மாமு, போனா ரெண்டு பேரு வேலையும் சேர்ந்தே போவட்டும்" என்றார். என்ன ஆகும் என்று தெரியவில்லை.

நீ இப்படிச் செய். மற்றவர்களின் புள்ளிகளை எல்லாம் எடுத்துவிடு, அவர்கள் சொத்து அவர்களிடமே இருக்கட்டும். அம்பை மட்டும் வை. அச்சுகளில் எண்களைப் போடு, இந்த ஒரு இடத்தின் எண் ஊருக்கே தெரிய வேண்டும். கீழே இருக்கும் வரியைச் சேர். இந்த முறை தாளின் பங்கு இல்லை, கடலின் எண்.

set label "நங்கூரம் இங்கே. விட்டதைப் பார்த்தவன் சு. விமல்" at first 80.3596,13.1712

உன் அண்ணன்,
விமல்


திருவொற்றியூர்,
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எங்கே இருந்தாலும், இந்தக் கடிதம் உன்னை வயிறு நிறையச் சாப்பிட்டவனாகப் பார்க்கட்டும். நாங்கள் நான்கு மாதம் கழித்து நேற்றுத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துக் கொண்டுபோனேன். கூட்டத்தில் விரித்ததும் முதலில் எல்லாரும் எண்களைத்தான் பார்த்தார்கள், பழக்கம் அப்படி. நைனா மட்டும் எழுத்தைப் பார்த்தார். எழுத்துக் கூட்டி, உன் பெயரைச் சத்தமாகப் படித்தார். ஒருவர், "புள்ளைக்கு வேலை போய்டுமே சுப்புராயா, இத்த மடிச்சி வெச்சிடு" என்றார். நைனா மடிக்கவில்லை. தாளை எடுத்துத் தலைவர் கையில் கொடுத்தார். இன்று புத்தாண்டு விடுமுறை என்றாலும், அதை உன் வாக்குமூலத்தின் நகலோடு துறைமுக அலுவலகத்தில் வேலையில் இருந்தவரிடம் சேர்த்துவிட்டோம். தடைக்காலத்துக்குள் தூக்கிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்ததும் நைனா நேரே தாமஸ் மாமாவிடம் போனார். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "இன்னா மாமு, துன்ட்டியா?" என்றார். மாமா, "துன்னாம உன் மூஞ்சியப் பாத்துகினா குந்தினு இருப்பேன்?" என்றார். இரண்டு பேரும் ஒன்றாக டீக்கடைக்குப் போனார்கள். உன்னைக் கப்பலிலிருந்து இறக்கி அனுப்பினால் தன் லாஞ்சில் இடம் இருக்கிறது என்று மாமா சொல்லியிருக்கிறார். கடலில் தள்ளிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். வலையைப் பற்றி நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. "அத்தினி நாளும் இங்கியா இருந்தான்?" என்றார். பிறகு, "கடலுக்கு போவக்கூடாதுன்னுட்டாங்க. நானு கரையிலியே குந்தினு, நிக்கற கப்பலுங்கள எண்ணிகினு இருந்தேன். அதுல ஒண்ணுலதான் எம்புள்ள இருந்துகீறான்" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை அண்ணா. நேற்று பார்த்தேன்.

"அண்ணன் கூப்ட்டிருந்தா போயிருப்பியா நைனா?" என்று கேட்டேன்.

"புயலு இன்னா புயலு. போயிருப்பேன்" என்றார்.

அம்மா அவரை ஒரு முறை முறைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "அவன் கூப்புடாதது நல்லதா போச்சுன்னு எழுது. இன்னொரு வாட்டி கூப்புடாம இருந்தான்னா வூட்டுக்கே வர வேணான்னும் எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன்.

ப்ரியா